கீழே வைத்த கோப்பை

இர்பித், 12 அக்டோபர் 2018

அருளாளனின் பெயரால்.

மதிப்பிற்குரிய அண்ணன் ஷெய்க் ஃபவ்வாஸ் அவர்களுக்குத் தங்கை ரபீஹாவின் சலாம். இங்கே அனைவரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வலது காது முற்றிலும் கைவிட்டுவிட்டதென்றும், இடது காது பாதி மனத்தோடு உழைக்கிறதென்றும் அண்ணி சொன்னார். தொலைபேசியில் கத்திக் கத்தி இருவரும் களைப்பதைவிட, தெற்கே போகும் வண்டிக்காரரிடம் கடிதம் கொடுத்தனுப்புவதே மேல் என்று முடிவு செய்துவிட்டேன். இங்கே ஆலிவ் அறுவடை தொடங்கிவிட்டது. இந்த ஆண்டு காய் சிறிது. எண்ணெய் அதிகம் என்கிறார்கள்.

என் வேலை என்னவென்று கேட்டிருந்தீர்கள். உடற்குறையோ அறிவுக்குறையோ உள்ளவர்கள் என்று உலகம் ஒதுக்கிவைத்த வயதுவந்தோர் பதினெட்டுப் பேருக்கு நான் பொறுப்பாளர். யாருக்கு எங்கே வீடு, எந்த மருத்துவர், என்ன வேலை, எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் என்பதையெல்லாம் அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்து, காரியம் முடியும்வரை அலைவது என் கடமை. ‘அவர்களோடு’ என்ற சொல்லை நான் கற்றது ஹைஸம் என்பவரிடம்.

அவருக்கு முப்பத்தொரு வயது. பிறந்த வேளையில் மூச்சு தடைப்பட்டதால் கைகால்கள் அவர் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, ஆழ்கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல் ஏறிவரும். பதிமூன்று ஆண்டுகளாக மலைச்சரிவில் உள்ள ஒரு விடுதியில் வசிக்கிறார். முதல் நாள் நான் அங்கிருந்த பணியாளரிடம், “இவரு காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்குவாரா?” என்று கேட்டேன். பதில் நாற்காலியிலிருந்து வந்தது. “அவருக்கு... சர்க்கரை... வேணாம். கேள்விய... அவருகிட்டயே... கேட்டா... அதுவே... இனிப்பு.”

அந்த விடுதி வசந்தத்தின் முடிவில் மூடப்படுகிறது. நண்பர் இருவரோடு ஊருக்குள் ஒரு வீட்டில் குடியேற வேண்டும், வாசற்சாவி தம் கையில் இருக்க வேண்டும் என்பது ஹைஸமின் கோரிக்கை. சென்ற மாதம் எங்கள் இயக்குநர் தம் கையாலேயே அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். ஹைஸம் வாங்கினார், குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். பெண் கேட்கப் போன பெரியவர்கள், கேட்டது கிடைக்கும்வரை குடிக்காமல் வைப்பதுபோல! அறை முழுவதும் சிரித்தது. ஆனால் இயக்குநரும் நம் மண்ணில் பிறந்தவர்தானே. கேட்டதைத் தராமல் விருந்தாளியைக் ‘குடி’ என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. “சரிப்பா, வீடு பாக்குறோம். குடி” என்றார். ஹைஸம் குடித்தார்.

ஒரே ஒரு தடை இருக்கிறது. பெற்றோர் இல்லாததால் நீதிமன்ற ஆணைப்படி அவருக்கு ஒரு காப்பாளர் உண்டு: அவருடைய சித்தப்பா ஹாஜ் முத்லக். அவர் கையொப்பம் இல்லாமல் ஹைஸம் எங்கும் குடியேற இயலாது. நீங்கள் முன்பு இமாமாக இருந்த ஊர்தான் அவர் ஊர். எப்படிப்பட்டவர், எவ்விதம் அணுகலாம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

நீங்கள் இறைவனிடம் கேட்கும் துஆவில் எனக்கும் இடம் வேண்டும்,
தங்கை ரபீஹா


தஃபீலா, 4 நவம்பர் 2018

படைத்தவனுக்கே புகழ் அனைத்தும். அவன் பூமியெங்கும் பரப்பிய அமைதி உன் வாசலிலும் தங்குவதாக.

அன்புத் தங்கை ரபீஹாவுக்கு, உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரங்களாகின்றன. மறுமொழி தாமதித்ததற்குக் காரணம் முழங்கால் என்று வைத்துக்கொள். உன் அண்ணி நலம். காதைப் பற்றிக் கவலைப்படாதே. உலகின் வீண்பேச்சிலிருந்து இறைவன் எனக்கு ஓய்வு அளித்திருக்கிறான்.

ஹாஜ் முத்லக்கை அறிவேன். விருந்தினர் வந்தால் ஆடறுக்கத் தயங்காதவர். தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர். மூன்று பெண்மக்களின் தகப்பன்.

உன் பணி புண்ணியமானது. ஆயினும் ஒன்று சொல்வேன். பிறர் வீட்டுத் திரையை விலக்காதிருப்பது நம் முன்னோர் காத்த பண்பு. அண்டைவீட்டான் குறையை இவ்வுலகில் மறைப்பவனின் குறையை மறுமையில் இறைவன் மறைப்பான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு காப்பாளர் தம் பொறுப்பில் உள்ளவனுக்கு எது நல்லதென்று எண்ணியிருப்பார். வேறொரு நல்ல விடுதி கிடைக்குமானால் அந்த இளைஞனுக்கு அதுவே போதாதா?

அன்றி, இந்த ஒருவரின் கோப்பினை மட்டும் வேறொரு பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வழியுண்டா? உன் உடல்நலத்தை எண்ணித்தான் கேட்கிறேன்.

உன் நலம் நாடும்,
அண்ணன் ஃபவ்வாஸ்


இர்பித், 25 நவம்பர் 2018

அண்ணன் அவர்களுக்கு சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதனால் கோப்பு என்னிடமே இருக்கிறது.

பதினான்காம் தேதி, புதன்கிழமை, அலுவலக வண்டியில் ஹாஜ் முத்லக்கின் வீட்டுக்குப் போனேன். அன்றே திரும்ப வேண்டியிருந்ததால் உங்களைப் பார்க்க முடியவில்லை, மன்னியுங்கள். நீங்கள் சொன்னது உண்மை, நல்ல விருந்தோம்பி. மூன்று முறை காப்பி ஊற்றினார். பிறகு பேச்சைத் தொடங்கினேன்.

“வீடா? அவனுக்கா? ஏம்மா, ஒரு தீக்குச்சி கிழிக்கத் தெரியாதவன் கையில சாவியக் குடுக்கச் சொல்றீங்க!”

“ஹாஜியார், நீங்க அவரக் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் கெட்டவன் இல்லம்மா. மூத்தவ ரெண்டு பேரையும் கட்டிக் குடுத்தாச்சு. சின்னவளுக்குப் பேசிக்கிட்டிருக்கோம். எங்க வீட்டுல இப்படி ஒருத்தன் இருக்கான்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. தெரிஞ்சா, ‘இது ரத்தத்துல வர்றது’ன்னு சொல்லிட்டு எழுந்து போயிருவாங்க. இவன் ஊருக்குள்ள கடைத்தெருவுல நடமாடுனா நாலு பேரு யார் பெத்த புள்ளன்னு கேப்பாங்கல்ல?”

“ரத்தத்துல வர்றது இல்ல ஹாஜியார். பொறந்தப்ப மூச்சு நின்னது.”

“அத ஊருக்கு யாரு சொல்றது? நீங்களா?”

கையொப்பமிட மாட்டாராம். விடுதி மூடும் முன்பே, பாலைவன ஓரத்தில் உள்ள அடைப்பு இல்லம் ஒன்றுக்கு ஹைஸமை மாற்றப் போகிறாராம். அங்கே கதவு வெளியிலிருந்துதான் பூட்டப்படும். பார்க்க வருவோருக்கும் காப்பாளர் அனுமதி வேண்டும். நான் எழும்போது சிரித்துக்கொண்டே, “நீங்க ஷெய்க் ஃபவ்வாஸோட தங்கச்சியாமே? உங்க அண்ணனக் கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும்” என்றார்.

என்ன தெரியும், அண்ணா? அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்து நடந்ததை ஹைஸமிடம் அப்படியே சொன்னேன். முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, “கோர்ட்டுக்குப் போறேன்” என்றார். காப்பாளர் ஆணையை நீக்கக் கோரி அவர் பெயரிலேயே மனு கொடுத்துவிட்டோம். விசாரணை முடியும்வரை அவரை இடம் மாற்றக் கூடாது என்று நீதிபதி தடை விதித்திருக்கிறார். மனு தோற்றால் அன்றே அடைப்பு இல்லத்து வண்டி வந்துவிடும்.

குளிரில் வெளியே போகாதீர்கள்.
ரபீஹா


தஃபீலா, 21 டிசம்பர் 2018

வானத்திலிருந்து மழையை அளந்து இறக்குபவன் உன்னைக் காப்பானாக.

இங்கே நல்ல மழை. வடக்குச் சுவர் கசிந்து, அலமாரியிலிருந்த பழைய கவிதைத் தொகுதிகள் இரண்டு நனைந்துவிட்டன. அடுப்பருகே விரித்து உலர்த்துகிறேன். முழங்காலுக்குக் கடுகெண்ணெய் ஒத்தடம் கொடுக்கிறாள் உன் அண்ணி. உலர்ந்த அத்திப்பழம் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். எங்கள் தோட்டத்து மரம்தான்.

அண்ணன் ஃபவ்வாஸ்


இர்பித், 8 ஜனவரி 2019

அண்ணன் அவர்களுக்கு, அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். அத்திப்பழம் வந்தது. விடுதியில் எல்லோருக்கும் பங்கிட்டேன். ஹைஸம் நான்கு தின்றார்.

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை. பதில் வேறு வழியாக வந்துவிட்டது.

பதிமூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஆணையின் நகலை நீதிமன்றம் எங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்தது. அதன் பின்னிணைப்பாக ஒரு சாட்சிப் பத்திரம். “இவ்விளைஞனுக்கு இரவும் பகலும் பிரித்தறியத் தெரியாது. சொன்னது விளங்காது. தன்னைப் படைத்தவன் பெயரைச் சொல்லவும் இயலாது. இதனை நேரில் கண்டறிந்து சாட்சி கூறுகிறோம்.” கீழே இரண்டு கையொப்பங்கள். ஒருவர் இறந்துவிட்டார். மற்றொன்றைப் படிக்க எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. அந்த வளைவுகளை என் சிலேட்டில் முதன்முதலாக எழுதிக் காட்டிய கை அது.

நேரில் கண்டீர்களா, அண்ணா?

இது ஒன்றுதான் என் கேள்வி. தங்கையாகக் கேட்கிறேன், அலுவலராகக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கே இயக்குநரிடம் போய், சாட்சி என் உடன்பிறந்தவர் என்று சொல்லிவிட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்: “கோப்பு உன்கிட்டயே இருக்கட்டும். ஹைஸம் உன்னத்தான் நம்புறாரு. ஆனா சாட்சிய வரச் சொல்றதோ, வராதேன்னு சொல்றதோ உன் வேலை இல்ல. ஒரு வார்த்தை சொன்னாலும் வழக்கு கெட்டுப் போயிரும். புரியுதா?” புரிகிறது என்றேன்.

ஆகவே நான் உங்களிடம் எதையும் கோரவில்லை.

ரபீஹா


இர்பித், 3 பிப்ரவரி 2019

அண்ணன் அவர்களுக்கு சலாம். நான் எழுதி ஏறத்தாழ நான்கு வாரங்களாகியும் உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தஃபீலாவில் பனி பெய்ததென்று வானொலியில் கேட்டேன். உடல்நலம்தானா என்று மட்டுமாவது எழுதுங்கள். வண்டிக்காரர், “ஷெய்க் பள்ளிவாசல்ல உக்காந்திருக்காரு. கடுதாசிய வாங்கிச் சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. படிச்சாரான்னு தெரியல” என்றார்.

ஹாஜ் முத்லக்கின் வழக்கறிஞர் அந்தச் சாட்சிப் பத்திரத்தையே நம்பியிருக்கிறார். “ஊரறிந்த மார்க்க அறிஞரின் வாக்கு” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் மருத்துவர் சான்றிதழ் கொடுத்தார். அது நேற்றைய காகிதம், இது பதிமூன்று ஆண்டுக் காகிதம் என்கிறார்கள்.

ஹைஸம் பத்திரத்தைத் தாமே படித்தார். விடுதியில் பழைய செய்தித்தாள்களை வைத்து எழுத்துக்கூட்டித் தாமாகவே படிக்கக் கற்றவர் அவர். கடைசி வரிக்கு வந்ததும் விரலை அதன்மேல் வைத்து, “இந்த ஷெய்க்... யாரு?” என்றார்.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. “எங்க அண்ணன்” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “நல்ல... கையெழுத்து... அக்கா. பொய்யக்கூட... அழகா... எழுதியிருக்காரு.”

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவருடைய சொல்லுக்காக அழவில்லை. பொய் என்ற சொல்லை என்னால் மறுக்க முடியாததற்காக அழுதேன்.

ரபீஹா


தஃபீலா, 17 பிப்ரவரி 2019

உள்ளங்களில் ஒளித்துவைத்ததை அறிபவனின் பெயரால்.

ரபீஹா, உடல் நலமாக இருக்கிறது. மற்றதை எழுத ஐந்து தாள்களைக் கிழித்தேன். இது ஆறாவது.

நேரில் காணவில்லை.

அது ஒரு ஜூலை மாதத்துப் பிற்பகல். முத்லக் என் வீட்டுக்கு வந்தார். காப்பி ஊற்றினேன். கோப்பையை வாங்கி, உதட்டில் வைக்காமல் தரையில் வைத்தார். வீட்டில் வேறு விருந்தினர் நால்வர் இருந்தனர். அனைவர் கண்ணும் அந்தக் கோப்பையின் மேல். என் கௌரவம் அங்கே ஆறிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. “குடியுங்க ஹாஜியார். நீங்க கேக்க வந்தது கெடைச்சாச்சு” என்றேன். என்ன கேட்க வந்தார் என்று கேட்கவில்லை. கேட்காமல் கொடுப்பதைத்தானே நம்மவர் பெருந்தன்மை என்கிறார்கள். அவர் குடித்தார். குடித்து முடித்த பிறகு சொன்னார்: நாளை நீதிமன்றத்தில் ஒரு சாட்சிக் கையொப்பம் வேண்டும் என்று.

மறுநாள் போனேன். வழியில், “பையனை ஒரு தடவை பாத்துட்டுப் போலாமே” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகம் சுருங்கியது. ஒரு குடும்பத்தின் மறைவைக் கண்ணால் காண விரும்புவது அநாகரிகம் என்று வாயை மூடிக்கொண்டேன். வாசகத்தை எழுத்தர் சொல்லச் சொல்ல நான் என் கையாலேயே எழுதினேன். ‘நேரில் கண்டறிந்து’ என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு நகர்ந்தது.

இதுவரை எழுதியது பாதி. இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம் என்று நான்காவது தாளில் எண்ணினேன்.

ஒரு மாதம் கழிந்து முத்லக்கின் வீட்டில் விருந்து. ஹைஸமை இன்னும் விடுதிக்கு அனுப்பியிருக்கவில்லை. உணவின் நடுவே தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. பாங்கு சொல்பவர் ஒவ்வொரு வாசகத்தையும்ச் சொல்லி முடித்ததும், உள்ளறையிலிருந்து ஒரு குரல் அதைத் திரும்பச் சொன்னது. உடைந்து, ஒவ்வோர் எழுத்தாக, மூச்சு வாங்கி. படைத்தவனின் பெயரைச் சொல்ல இயலாதவன் என்று நான் எழுதிக் கொடுத்தவன், அதே பெயரை என் தட்டின் எதிரே இருந்த சுவருக்கு அப்பாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அறையில் யாரும் தலை நிமிரவில்லை. அன்று என் இரண்டு காதுகளும் நன்றாக இருந்தன, ரபீஹா. நான் அடுத்த கவளத்தை எடுத்தேன்.

பார்வையற்ற ஒருவர் வந்தபோது முகம் திருப்பியதற்காகத் இறைத்தூதரையே கண்டித்து இறங்கிய குர்ஆன் வசனங்களை நாற்பது ஆண்டுகள் தொழுகையில் ஓதியிருக்கிறேன். ஓதும்போது குரல் தழுதழுக்க, பின்வரிசையில் இருப்போர் அழுவார்கள். நம் பழங்கவிஞர்கள் கலைந்துபோன பாளையத்தின் சாம்பலருகே ஒட்டகத்தை நிறுத்திக் கண்ணீர் வடிப்பார்கள். நான் என் சாம்பலைக் கடக்கும்போதெல்லாம் ஒட்டகத்தை விரட்டினேன். இந்தப் பதிமூன்று ஆண்டுகளில் எத்தனையோ நிக்காஹ் திருமணப் பத்திரங்களில் என் முத்திரை விழுந்திருக்கிறது. பார்க்காமல் எழுதியவன் என்று நானே சொன்னால், அவற்றில் ஒவ்வொன்றையும் ஊர் புரட்டிப் பார்க்கும். எழுபது வயதை நெருங்குபவனுக்குப் பெயரைத் தவிர வேறென்ன மிச்சம் என்று நெஞ்சு கேட்கிறது.

வருவேனா என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஃபவ்வாஸ்


இர்பித், 24 பிப்ரவரி 2019

அண்ணன் அவர்களுக்கு சலாம். கடிதம் கிடைத்தது. யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் நான் எழுதச் செய்தேன் என்பார்கள்.

பழைய ஆணை பிறந்த அதே தெற்கு நீதிமன்றத்தில் விசாரணை, மார்ச் ஐந்து, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. இது நீதிமன்ற வாசலில் ஒட்டியிருக்கும் செய்தி, எவரும் படிக்கலாம். சாட்சியின் உறவினள் என்பதால் என்னை அறைக்குள் விடமாட்டார்கள். வாசலில் இருப்பேன்.

செவ்வாயன்று தெற்கில் மழை என்கிறார்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரபீஹா


தஃபீலா, 8 மார்ச் 2019

உண்மையைத் தன் பெயர்களுள் ஒன்றாக்கிக் கொண்டவனுக்கே புகழ்.

அன்புத் தங்கைக்கு, வாசலில் நீ என் கையைப் பிடித்தாய். அதற்குள் உன் வண்டி புறப்பட வேண்டியிருந்தது. உள்ளே நடந்ததை வழக்கறிஞர் சொல்லியிருப்பார். ஆயினும் என் வாயால் நீ கேட்க வேண்டும்.

எனக்குக் காது கேளாதென்று எழுத்தர் சொன்னார். நீதிபதி கேள்வியைத் தாளில் எழுதி நீட்டினார்: ‘இந்தக் கையொப்பம் உம்முடையதா?’ ஆம் என்றேன். ‘இதில் உள்ளது உண்மையா?’

“இல்லை. நான் அவரைப் பார்க்காமல் எழுதினேன். பிறகு அவர் குரலைக் கேட்டேன், கேட்டும் திருத்தவில்லை.”

முத்லக் எழுந்து கத்தினார். பாதிதான் காதில் விழுந்தது. “என் வீட்டு உப்பத் தின்னுட்டு இப்படிப் பேசுறீங்களே ஷெய்க்! உங்க வாயால ‘கெடைச்சாச்சு’ன்னு சொன்னீங்கள்ல?” சொன்னேன் என்றேன். என்னுடையது அல்லாததை எடுத்துக் கொடுத்தேன் என்றேன்.

நீதிபதி மீண்டும் எழுதினார்: ‘அப்படியானால் இவர் தம் காரியத்தைத் தாமே நடத்தும் அறிவுடையவர் என்று இப்போது சாட்சி கூறுகிறீரா?’

அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தேன், ரபீஹா. சாம்பல்நிறக் கோட்டு அணிந்திருந்தார். கழுத்து ஒருபுறம் சாய்ந்திருந்தது, கண்கள் சாயவில்லை. ஆம் என்ற ஒரே சொல்லால் அனைத்தையும் தீர்த்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். வழக்கறிஞர் தலையசைத்துத் தூண்டினார். “இவரை இன்றுதான் காண்கிறேன். அரைமணி நேரம் கண்டவன் ஒருவருடைய அறிவுக்குச் சாட்சி சொல்ல முடியாது. அவரிடமே கேளுங்கள்” என்றேன். உன் வழக்கறிஞர் தலையில் கைவைத்ததைப் பார்த்தேன். முன்பு செய்த அதே பிழையை, இம்முறை நல்ல காரியத்துக்காக, செய்ய எனக்கு மனம் வரவில்லை. இதனால் வழக்கு தோற்குமானால் அந்தச் சுமையும் என்னுடையதே.

மார்ச் இருபத்தாறில் தாமே ஹைஸமை விசாரிப்பதாக நீதிபதி ஒத்திவைத்தார்.

ஊரில் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. நிக்காஹ் முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கேட்பதற்கு முன் கொடுப்பது நல்லதல்லவா. நேற்று கடைத்தெருவில் இறைச்சிக்கடை உபைத் என் இடது காதருகே வந்து கத்தினான்: “ஷெய்க்! என் கல்யாணத்தயாச்சும் நேர்ல பாத்து எழுதுனீங்களா, இல்ல அதுவும் ஒரு காப்பிக்குத்தானா? பாக்கலன்னா இப்பவே சொல்லிருங்க, இன்னைக்கே தப்பிச்சு ஓடிர்றேன்!” கடையே சிரித்தது. உள்ளிருந்து அவன் மனைவி எலும்பை எறிந்தாள். நானும் சிரித்தேன். வீடுவரை சிரிப்பு நீடிக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமைத் தொழுகையில் என் இருபுறமும் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

துஆ செய்,
ஃபவ்வாஸ்


இர்பித், 29 மார்ச் 2019

அண்ணா, அல்ஹம்துலில்லாஹ். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இம்முறை நீதிபதி என்னை உள்ளே அனுமதித்தார். பின்வரிசையில், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இருபது ஆண்டுப் பணியில் இதைவிடக் கடினமான வேலை செய்ததில்லை. ஹைஸமின் சொல் பாதியில் சிக்கும்போதெல்லாம் அதை முடித்துக் கொடுக்க என் நா துடித்தது. துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நீதிபதி கேட்டார்: “உங்க சித்தப்பா உங்களுக்கு நல்லதுதான நெனைக்கிறாரு?”

“ஆமா. நல்லது... நெனைக்கிறாரு. என்னைய... நெனைக்கல.”

“தனியா இருந்து ஒரு தப்பான முடிவு எடுத்துட்டீங்கன்னா?”

“நீங்க... எடுத்ததே... இல்லையா?”

எழுத்தர் சிரிப்பை அடக்க இருமினார். நீதிபதி சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, சற்று நேரம் ஏதோ எழுதினார். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: “சாவி கையில கெடைச்சா மொதல்ல என்ன செய்வீங்க?”

ஹைஸம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உள்ள... இருந்து... பூட்டுவேன்.”

நீதிபதி தாள்களை மூடினார். அவர் கேள்விகள் அத்துடன் முடிந்தன. ஆணை நீங்கிவிட்டது, அண்ணா.

ஹாஜ் முத்லக் யாரையும் பாராமல் வெளியேறினார். கதவருகே நின்றார்; திரும்பி வந்து, ஹைஸமின் தோளிலிருந்து நழுவியிருந்த கோட்டைச் சரிசெய்துவிட்டுப் போனார். சின்ன மகளின் பேச்சு என்னவாயிற்றென்று எனக்குத் தெரியாது. அவளுக்காகவும் துஆ செய்யுங்கள்.

ஏப்ரல் பதினெட்டில் குடியேறுகிறார்கள். வண்டியில் திரும்பும்போது ஹைஸம் சொன்னார்: “அக்கா, அந்த... நல்ல கையெழுத்துக்காரர... வரச் சொல்லுங்க. இப்ப... நீங்க... கூப்பிடலாம்ல?”

இப்போது கூப்பிடலாம். வாருங்கள், அண்ணா.

ரபீஹா


தஃபீலா, 25 ஏப்ரல் 2019

பிரிந்தவற்றைச் சேர்ப்பவனுக்கே புகழ்.

அன்புத் தங்கைக்கு, சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். உன் வீட்டு ஆலிவ் எண்ணெயைப் பார்த்து உன் அண்ணி மகிழ்ந்தாள். முழங்கால் இரண்டு மாடி ஏறியதற்குப் பழிவாங்குகிறது.

கடைக்குப் போய்வரச் சொல்லி ஹைஸம் உன்னை வெளியே அனுப்பினார் அல்லவா? திரும்பி வந்தபோது என்ன பேசினீர்கள் என்று நீ கேட்கவில்லை. உன் பணி உனக்குக் கற்பித்த பண்பு அது. ஆனாலும் இதை என்னிடமே வைத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

நீ போன பின் கதவைப் பூட்ட எழுந்தார். நடுங்கும் கையில் சாவி. துளை நகர்ந்துகொண்டே இருந்தது. நான் எழவில்லை. உதவலாமா என்று கேட்கவும் இல்லை. உள்ளிருந்து பூட்டினார். பிறகு தாமே காப்பி ஊற்றினார். பாதி தட்டில், பாதி கோப்பையில். “என் வீட்டு... மொதல்... விருந்தாளி... நீங்க” என்றார். உலகம் முழுவதும் என்னிடம் அவசரமாகப் பேசுகிறது, ரபீஹா. நான் எதையும் பிடிக்க முடிவதில்லை. அவர் ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். ஒரு சொல்லைக்கூட என் பழுதான காது தவறவிடவில்லை.

கோப்பையை வாங்கினேன். தரையில் வைத்தேன்.

அவர் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் வாய் திறந்தேன். “மன்னிப்பு கேட்டு வந்திருக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

அவர் திரும்பிச் சன்னலைப் பார்த்தார். கீழே தெருவில் காய்கறிக்காரன் பச்சைப் பாதாம் கூவிப் போனான், உதட்டசைவில் கண்டேன். கோப்பையிலிருந்து எழுந்த ஆவி மெலிந்து, நின்றது. “குடிக்கச் சொல்ல மாட்டீர்களா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டதற்கு இப்போது நாணுகிறேன்.

“கொஞ்சம்... இருக்கட்டும்... ஷெய்க்” என்றார். “நான்... பதிமூணு வருசம்... இருந்தேன்ல.”

இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நாற்காலியை இழுத்து, என் முகத்துக்கு நேரே, மிக அருகில் வந்து உட்கார்ந்தார்.

“இப்ப... என்னைய... பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

“நல்லா?”

“நேரில் கண்டேன்.”

அவர் குனிந்தார். நடுங்கும் இரு கைகளாலும் கோப்பையைத் தரையிலிருந்து எடுத்து, சிந்தியது போக மிஞ்சியதை என்னிடம் நீட்டினார்.

“அப்ப... குடிங்க.”

ஆறிப்போயிருந்தது. சர்க்கரை இல்லை. கடைசித் துளிவரை குடித்தேன்.

உன் அண்ணன்,
ஃபவ்வாஸ்